32 கட்டமும் ஒரு ராட்டினமும்

டீச்சரம்மா, நீ குடுத்துட்டுப் போன ரூப்ரிக்ஸை, அதான் மார்க் போடுற அட்டவணையை, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சேன். மூணாம் வகுப்புப் பிள்ளைங்க 'எங்கள் ஊர்த் திருவிழா'ன்னு கட்டுரை எழுதப் போகுது. அதை அளக்க மேல இருந்து கீழ எட்டுக் கூறு, இடமிருந்து வலம் நாலு நிலை, ஆகமொத்தம் 32 கட்டம். இனிமே நம்ம ஊர்ல யாருக்காவது கட்டம் பாக்கணும்னா ஜோசியர் வீட்டுக்குப் போக வேண்டாம் தாயி, உன் வகுப்புக்கு வந்தாப் போதும்.

நான் பென்சன் வாத்தியார். இப்பப் பருத்திக்காடும் ரெண்டு மாடும்தான் சோலி. ஆனா சாக்பீஸைக் கீழ போட்டவன் வாயையும் மூடிக்கிடுவான்னு யாரு சொன்னா? நீ எனக்குப் பேத்தி முறை வேற. கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டாலும் சொல்லுவேன்.

முதல்ல ஒரு கணக்கு. உன் வகுப்புல 30 பிள்ளைன்னு வச்சுக்கோ. ஆளுக்கு எட்டு டிக், மொத்தம் 240 டிக். படிச்சு, யோசிச்சு, ஒரு டிக் போட 20 விநாடின்னாலும் 4,800 விநாடி. ஒரு மணி 20 நிமிசம். இது ஒரு பாடத்துல ஒரு கட்டுரைக்கு. கணக்கு, சூழ்நிலையியல், இங்கிலீசு எல்லாம் வரிசையில நிக்குது. நீயோ ஈராசிரியர் பள்ளி. பாதி நாள் ஹெச்செம் கூட்டத்துக்குப் போயிருவாரு, அஞ்சு வகுப்பும் உன் தலையில. அப்ப என்ன நடக்கும்? மேசைக்குப் பின்னால உக்காந்து மேல இருந்து கீழ ஒரே கோடா டிக் அடிச்சுட்டுப் போவ. நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு எட்டும் முதல் கட்டம், பின்வரிசைப் பயலுக்கு எட்டும் கடைசிக் கட்டம். மனசுல ஏற்கெனவே போட்டு வச்ச மார்க்குக்கு 32 கட்டத்துல சட்டை தச்சுப் போட்ட மாதிரி ஆயிரும்.

அதுக்காகக் கட்டமே வேண்டாம்னு நான் சொல்லல. அளவுகோல் இல்லாம நோட்டுத் திருத்துனா என்ன கூத்து நடக்கும்னு அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல 1961-ல ஆராய்ச்சியே பண்ணிப் பாத்தாங்க. டீடரிக்குன்னு ஒருத்தரும் கூட ரெண்டு பேரும், கல்லூரி மாணவர் எழுதின 300 கட்டுரையை எடுத்தாங்க. பேராசிரியர், எழுத்தாளர், வக்கீல், வியாபாரின்னு 53 பேர்கிட்டக் குடுத்து, 'எதைப் பாக்கணும்னு நாங்க சொல்ல மாட்டோம், உங்க மனசுக்குப் பட்டபடி ஒன்பது தரமாப் பிரிங்க'ன்னு விட்டுட்டாங்க. 101 கட்டுரைக்கு ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும் அத்தனை தரமும் விழுந்துருக்கு. ஒரே கட்டுரை ஒருத்தருக்கு உச்சாணி, இன்னொருத்தருக்குப் பாதாளம். ஒருத்தரும் முட்டாள் இல்ல. ஒருத்தர் கருத்தைப் பாத்தாரு, ஒருத்தர் எழுத்துப்பிழையைப் பாத்தாரு, ஒருத்தர் அடுக்கிச் சொன்ன விதத்தைப் பாத்தாரு, இன்னொருத்தர் சொல்லைப் பாத்தாரு, வேறொருத்தர் எழுதினவனோட தனி வாசனையைப் பாத்தாரு. ஆளுக்கு ஒரு கண்ணு. ரூப்ரிக்ஸ்னு இன்னைக்கு நீ லேமினேசன் போட்டு வச்சிருக்கியே, அது வளர்ந்தது இந்த மாதிரிக் குழப்பத்துல இருந்துதான். ஆக, நோக்கம் நல்ல நோக்கம். 'அந்த டீச்சர்கிட்ட மாட்டினா அஞ்சு, இந்த டீச்சர்கிட்டன்னா எட்டு'ங்கிற தலையெழுத்துல இருந்து பிள்ளையைக் காப்பாத்துறதுக்கு வந்தது.

சரி, இப்ப என் யோசனைக்கு வருவோம். பேர் எடுக்கிற ரூப்ரிக்ஸ் செய்யிறது எப்படின்னு வரிசையாச் சொல்றேன், குறிச்சுக்கோ.

முதல் யோசனை: ஒரு பிள்ளைக்கும் புரியாம எழுதணும். அதுல நீ ஏற்கெனவே தேறிட்ட. முதல் கட்டம், 'கருத்துகளை மிகச் சிறப்பாக ஒருங்கிணைத்து வெளிப்படுத்துகிறார்'. ரெண்டாவது, 'சிறப்பாக'. மூணாவது, 'ஓரளவு'. நாலாவது, 'மேலும் முயற்சி தேவை'. அடடா! ஒரே வாக்கியத்தை எழுதி முன்னால தலைப்பாகையை மட்டும் மாத்தியிருக்க. நாளைக்கு எட்டு வயசுப் பய ஒருத்தன் எந்திரிச்சு, 'டீச்சர், ஓரளவுன்னா எவ்வளவு?'ன்னு கேட்டா, முழம் போட்டா காட்டுவ? ஆனா அந்தக் கவலை உனக்கு வேண்டாம். அவன் கேக்க மாட்டான். புரியாததைக் கேக்கக் கூடாதுங்கிற பாடத்தை நம்ம பள்ளிக்கூடங்க ஒண்ணாம் வகுப்புலயே முடிச்சுருதே.

ரெண்டாவது யோசனை: எண்ண முடிஞ்சதை மட்டும் எண்ணணும். தலைப்பு இருக்கா, ஓரக்கோடு போட்டிருக்கா, அஞ்சு வாக்கியம் வந்துச்சா, கையெழுத்து நேரா இருக்கா, முற்றுப்புள்ளி வச்சிருக்கா. எண்ணுறதுல சண்டை வராது பாரு. உன்கிட்ட ரெண்டு நோட்டு வருதுன்னு வச்சுக்கோ. முதல் நோட்டுல எழுதியிருக்கு: 'எங்கள் ஊரில் ஆண்டுதோறும் திருவிழா சீரும் சிறப்புமாக நடைபெறும். மக்கள் அனைவரும் கூடி மகிழ்வர். வண்ண விளக்குகள் ஒளிரும். வாணவேடிக்கை நடைபெறும். திருவிழா ஒற்றுமையை வளர்க்கும்.' கோனார் உரை வாசனை மூக்கைத் துளைக்குது. ஆனா அஞ்சு வாக்கியம், அஞ்சு முற்றுப்புள்ளி, ஓரக்கோடு. பத்துக்குப் பத்து.

ரெண்டாவது நோட்டு: 'பொங்கலுக்கு ராட்டணம் வந்துது. பெரிய ராட்டணம். நா ஏறல காசில்ல. கீழ நின்னு தங்கச்சி செருப்ப வச்சிருந்தேன். அவ மேல போகும்போது என்ன கூப்டா.' தலைப்பு இல்ல. ஓரக்கோடு இல்ல. 'ராட்டினம்' தப்பு, 'கூப்டா' கொச்சை. உன் அட்டவணைப்படி பத்துக்கு நாலு. ஆனா தாயி, திருவிழாவுக்குப் போயிட்டு வந்தது இந்த நோட்டுதான். முதல் நோட்டு எந்த ஊருக்கும் போகல. உன் 32 கட்டத்துல 'கண்ணால பாத்ததை எழுதியிருக்கா'ன்னு ஒரு கட்டம்கூட இல்லியே, ஏன்? எண்ணுறது சிரமம், அதான். மூணு கட்டுரை இப்படித் திருத்துனாப் போதும், அந்த ராட்டினக்காரப் பயலும் விவரமாயிருவான். நாலாவது கட்டுரையில அவன் ஊருலயும் மக்கள் அனைவரும் கூடி மகிழ்வர்.

மாட்டுத்தாவணியில மாடு பிடிக்கிறவனைப் பாத்திருக்கியா? அவனும் மனசுக்குள்ள ஒரு ரூப்ரிக்ஸோடதான் வருவான். வாயைத் திறந்து பல்லு பாப்பான். பாடைச் சுழி இருக்கான்னு முதுகைத் தடவுவான். கொம்பு, குளம்பு, திமில், வாலு வரைக்கும் பாத்துட்டுத்தான் துண்டுக்குள்ள விரல் பிடிப்பான். ஆனா விவரமானவன் துண்டைப் போடுறதுக்கு முன்னால, 'கொஞ்சம் நடக்க விடுப்பா'ன்னு சொல்லுவான். லட்சணம் அத்தனையும் இருந்து நடை இல்லேன்னா வேண்டாம்னுட்டுப் போயிட்டே இருப்பான். அந்தப் பட்டியல் அவன் கண்ணுக்குத் துணை, அவ்வளவுதான். கண்ணுக்குப் பதில் இல்ல. உன் கட்டங்க மாட்டோட மயிரை எல்லாம் எண்ணிட்டு, நடக்க விடாம விலை பேசுது.

மூணாவது யோசனை: ரூப்ரிக்ஸைப் பீரோவுல வச்சுப் பூட்டணும். பிள்ளை எழுதி முடிச்ச பிறகுதான் வெளியில எடுக்கணும். எதைப் பாத்து மார்க் போடப் போறேன்னு முன்னாலயே சொல்லிட்டா அது நல்லா எழுதித் தொலைச்சுருமே! அப்புறம் யாருக்கு 'மேலும் முயற்சி தேவை' போடுவ?

நாலாவது யோசனை: மார்க்கைச் சிவப்பு மையில, வட்டம் போட்டுப் பெருசா எழுதணும். அதுக்குக் கீழ பொடி எழுத்துல அறிவுரை எழுதணும். இது நூத்துக்கு நூறு பலிக்கிற வழி. அறிவுரையைப் பிள்ளை படிக்கவே படிக்காது. ரூத் பட்லர்னு ஒரு அம்மா இஸ்ரேல்ல அஞ்சாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களை வச்சு இதைச் சோதிச்சு 1988-ல எழுதினாங்க. ஒரு கூட்டத்துக்கு வெறும் மார்க். ஒரு கூட்டத்துக்கு வெறும் குறிப்பு. இன்னொரு கூட்டத்துக்கு ரெண்டும். குறிப்பு மட்டும் வாங்கின பிள்ளைங்க அடுத்தடுத்த வேலையில முன்னேறுச்சு, ஆர்வமும் குறையல. மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கினது? வெறும் மார்க் வாங்கின கூட்டத்தோடயே நின்னு போச்சு. மார்க்கு குறிப்பை முழுங்கிட்டுது. நீ ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து 30 நோட்டுல எழுதுற அறிவுரை எங்க போகுதுன்னு இப்பத் தெரியுதா?

சிரிக்காத. நீ சிரிக்கிறப்போ உங்கப்பன் ஞாபகம் வருது. அவனும் இப்படித்தான், சிரிச்சுட்டு நெனைச்சதையே செய்வான். இனி நேரா ரெண்டு வார்த்தை சொல்றேன்.

எட்டுக் கூறு வேண்டாம். மூணு போதும். பாப்பம்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1997-லயே, மூணுல இருந்து அஞ்சு கூறுக்கு மேல போகாதீங்க, நீளமா எழுதினா எந்த டீச்சரும் படிக்க மாட்டாங்கன்னு எழுதிட்டாரு. மூணாம் வகுப்புக்கு நான் அதுலயும் சின்ன எண்ணைப் பிடிச்சுக்கிடுவேன்.

ஒரு கூறுக்குள்ள என்ன எழுதுறதுன்னு பயிற்சிக் கட்டகத்துல தேடாத. போன வருசப் பிள்ளைங்க எழுதின நோட்டை மேசையில பரப்பு. படிச்சுப் பாத்து மூணு குவியலாப் பிரி: நல்லா வந்தது, பாதி வந்தது, இன்னும் வராதது. அப்புறம் உன்னையே கேளு, 'இதை ஏன் இந்தக் குவியல்ல வச்சேன்?' வாயில என்ன வருதோ அதை அப்படியே எழுது. 'இது படிக்கிறப்போ எனக்குக் காட்சி தெரியுது.' 'இதுல என்ன நடந்துதுன்னு தெரியுது, எங்கன்னு தெரியல.' 'இது யாரு வேணாலும் எழுதியிருக்கலாம்.' அதுதான் உன் கட்டம். வேலையைப் பாத்துப் பிறந்த அளவுகோல் அந்த வேலைக்குப் பொருந்தும்.

பிறகு அதைப் பிள்ளை பாசைக்கு மாத்து. 'கருத்து வெளிப்பாடு'ங்கிற ஒரு கூறுக்குப் பதிலா இப்படி மூணு படி எழுதிப் பாரு:

முதல் படி: நான் எதைப் பத்தி எழுதுறேன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும்.
ரெண்டாவது படி: நான் பாத்தது, கேட்டது ஒண்ணாவது அதுல இருக்கு.
மூணாவது படி: அதைப் படிச்சா அவங்களும் என் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்கும்.

'ஓரளவு' எங்கயாவது இருக்கா? ஒவ்வொரு படியும் வேற வேற சங்கதி. ராட்டினக்காரப் பய இதைப் படிச்சா தான் மூணாவது படியில நிக்கிறது அவனுக்கே தெரியும். கோனார் உரைக்காரனுக்கும் தன் குறை தெரிஞ்சு போகும். எழுத்துப்பிழையை விட்டுரச் சொல்லல. அது தனிக் கூறு, தனி வரிசை. 'ராட்டினம்'னு எழுதக் கத்துக்குடுக்க ஒரு நிமிசம் போதும். தங்கச்சி செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை எழுத எந்த டீச்சரும் கத்துக்குடுக்க முடியாது. ரெண்டையும் ஒரே மார்க்குல போட்டுக் கலக்காத.

இதை எங்க ஒட்டுவ? அலுவலர் கண்ணுக்கு உசரத்துலயா? 2007 வாக்குல செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தப்போ, சுவத்தைச் சுத்திக் கீழ்மட்டத்துல பிள்ளைங்களுக்குன்னே கரும்பலகை அடிச்சாங்க. பிள்ளையே ஏணிப்படத்தைப் பாத்து, தன்னோட அடுத்த அட்டை எதுன்னு தேடி எடுத்துக்கிடும். அந்த முறையில குறை ஆயிரம் சொல்லலாம், அதையும் சொல்லியிருக்கேன். ஆனா 'நான் எங்க நிக்கிறேன், அடுத்தது என்ன'ன்னு டீச்சரைக் கேக்காமப் பிள்ளையே தெரிஞ்சுக்கிட்டது பெரிய விசயம். உன் மூணு வரியைக் கீழ்மட்டக் கரும்பலகையில எழுது. பிள்ளைங்க எழுதத் தொடங்குறதுக்கு முன்னால எழுது. போன வருசம் வந்த நோட்டுல இருந்து, பேரை மறைச்சு, ரெண்டு கட்டுரையைப் படிச்சுக் காட்டி, 'இது எந்தப் படி?'ன்னு பிள்ளைங்களையே கேளு. சண்டை போடுவாங்க. போடட்டும். உனக்கு அன்னைக்குத்தான் பாதி வேலை முடியும்.

திரும்ப எழுத விடு. அதுதான் எல்லாத்துலயும் முக்கியம். அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல, பாய்சிங்கிற ஊருல, ஒண்ணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் புலிவரி வண்ணத்துப்பூச்சி படம் வரைஞ்ச கதையை ரான் பெர்கர்னு ஒரு வாத்தியார் ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு இருக்காரு. முதல் படம் எல்லாப் பிள்ளையும் கிறுக்குற பூச்சிதான். மார்க் போட்டிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். போடல. கூடப்படிக்கிற பிள்ளைங்க உக்காந்து, முதல்ல உருவத்தை மட்டும் பாத்துச் சொன்னாங்க: 'ரெக்கை இன்னும் முக்கோணமா இருக்கணும்.' அது சரியான பிறகுதான் ரெக்கைக் கோலத்தைப் பத்திப் பேசினாங்க. ஆறாவது படம் அறிவியல் புத்தகத்துல அச்சடிக்கிற மாதிரி வந்துருச்சு. ரெண்டே கூறு, ஒவ்வொண்ணா, அதுவும் வரையிற நேரத்துலயே. 32 கட்டத்தை ஒரே நாள்ல தலையில கொட்டியிருந்தா அந்தப் பய பென்சிலை வச்சுட்டுக் கோலி விளையாடப் போயிருப்பான்.

இன்னொரு எச்சரிக்கை. 2022 ஜூன்ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை வச்சாங்க. கொரோனாவுல விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, அந்தந்தப் பிள்ளைக்கு ஏத்த வேலையைக் குடுக்கிறதுக்கு வச்ச நிலை. அழகான பேரு. ஆனா பிள்ளைங்க காதுல அது எப்படி விழுதுன்னு இடைவேளையில தண்ணிக்குழாய்ப் பக்கம் நின்னு கேளு. 'ஏலேய், நீ அரும்புடா!' நிலை நோட்டுக்கு வச்சது. பய நெத்தியில ஒட்டிக்கிட்டுது. படிக்கிறதுல அரும்பா இருக்கிற பிள்ளை கணக்குல மலரா இருக்கும். கதை சொல்லச் சொன்னா காடே பூக்கும். கட்டத்தை வேலை மேல வை தாயி, ஆள் மேல வைக்காத. 'நீ இன்னும் மொட்டு'ன்னு சொல்லாம, 'இந்தப் பத்தியில ரெண்டாவது படி வந்துருச்சு, மூணாவதுக்கு என்ன செய்யலாம்?'னு கேளு.

பதிவேட்டுக்கு மார்க் வேணுமேன்னு நீ முழிக்கிறது தெரியுது. முப்பருவ முறை 2012-ல வந்ததுல இருந்து வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60ன்னு நீங்க போட்டுப் போட்டுத் தேய்ஞ்சது எனக்குத் தெரியாதா? போடு. யாரு வேண்டாம்னது? கல்வி உரிமைச் சட்டம் 29-ஆவது பிரிவு தொடர்ச்சியா மதிப்பிடச் சொல்லுது, அதே பிரிவுதான் பிள்ளைக்குப் பயமும் பதற்றமும் இல்லாம இருக்கணும்னும் சொல்லுது. ரெண்டையும் ஒண்ணாப் படி. பருவத்துக்கு ஒரு தடவை பதிவேட்டுல எண்ணை எழுது. நடுவுல நோட்டுல குறிப்பை மட்டும் எழுது. மேல இருந்து பார்வைக்கு வர்றவங்க பெரிய அட்டவணை கேட்டா, அந்த 32 கட்டத்தையே காட்டு. அவங்களும் பாவம், பாத்தோம்னு எழுதிட்டுப் போக ஒண்ணு வேணும். கட்டம் கூடக்கூட அவங்களுக்குச் சந்தோசமும் கூடும்.

போடுற மார்க் உன் மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் தெரியிற மார்க்கா இருக்கக் கூடாதுன்னா, பக்கத்து ஊர் டீச்சரைப் பிடி. குறுவளமையக் கூட்டத்துக்கு எப்படியும் போவீங்கல்ல? டீயும் பிஸ்கட்டும் வர்ற வரைக்கும் சும்மா இருக்கிற நேரத்துல அஞ்சு நோட்டை மாத்திக்கிடுங்க. ஒருத்தர் போட்டதை ஒருத்தர் பாக்காம படி குறிங்க. அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்க. எந்த நோட்டுல ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகலியோ, அங்க உங்க வாக்கியம் வழுக்குதுன்னு அர்த்தம். அந்த வரியைத் திருத்துங்க. பிரின்ஸ்டன்ல 53 பேர் பட்ட பாட்டை ரெண்டு பேர் ஒரு டீ நேரத்துல முடிச்சுரலாம்.

கடைசியா ஒரு பரீட்சை இருக்கு, அது உனக்கு. நாளைக்கு நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, அந்த ராட்டினக்காரப் பயலைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளு: 'அடுத்த தடவை எழுதுறப்போ என்னத்தை மாத்தப் போற?' அவன் 'நல்லா எழுதுவேன் டீச்சர்'னு சொன்னா நீ பெயில், போய் அந்த மூணு வரியை அழிச்சுத் திரும்ப எழுது. 'தங்கச்சி மேல இருந்து என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கிறதையும் சேத்து எழுதுவேன்'னு சொன்னா நீ பாஸ். அப்படிச் சொல்றவனுக்கு மார்க் எத்தனை போடலாம்னு கேட்டு மட்டும் என்கிட்ட வராத. எனக்குப் பருத்தியில களை கிடக்கு.